பப்பாசி என்றொரு குண்டு எழுத்து

பனர் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு ஊரின் நல்லது கெட்டது எல்லாம் மற்றவர்களுக்கு முன்னமே தெரிந்துவிடும். எழுத்துப்பிழை மட்டும் ஊருக்குத் தெரிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

மருதனார்மடம் சந்திக்குக் கிட்ட ஒரு கடை. பனர், பெயர்ப்பலகை போட், கலியாணக் காட், ஸ்டிக்கர் எல்லாம் செய்வோம். அங்கே கொம்பியூட்டரில் டிசைன் செய்கிறவள் நான். நீங்களும் ஏதாவது ஒன்றை ஆசையாகச் செய்து ஊருக்குக் கொடுத்துவிட்டு, அது போய்ச் சேர்ந்த இடங்களைப் பார்த்துத் தலையில் கை வைத்தவர்கள் என்றால் கிட்ட வந்து இருங்கள். நான் செய்தது பிள்ளையோ சட்டமோ இல்லை. ஒரு எழுத்து. அதாவது ‘அ’ முதல் ‘ன’ வரைக்கும் ஒரு முழுக் குடும்பம்.

குண்டாய் இருக்கட்டும்

சுன்னாகத்தில் நாகேசு அண்ணை கூல்பார் திறக்கப்போகிறார் என்று போட் அடிக்க வந்தார். கொம்பியூட்டரில் இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார், இல்லை என்று. “உதெல்லாம் அரசாங்கக் கச்சேரியிலை இருந்து கடிதம் வந்தமாதிரிக் கிடக்குப் பிள்ளை” என்றார். அவருக்கு வேண்டியது தன் வாலிப காலத்துப் படப் போஸ்டர்களிலும் சோடாப் போத்தல்களிலும் இருந்த எழுத்து. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். வயிறு பெருத்து, கால் சூம்பி, நுனி சுருண்டு, இப்போதுதான் சாப்பிட்டு எழும்பியது போல நிற்கும்.

அப்படி ஒன்று தமிழில் என்னிடம் இருக்கவில்லை. பழைய கலண்டரின் பின்பக்கத்தில் மார்க்கர் பேனையால் கீறிப் பார்த்தேன். ‘ஐ’க்கு இரண்டு தொந்தி வந்தது. ‘ழ’வின் வால் பூனையின் வால் மாதிரிச் சுருண்டது. ‘ஃ’ மூன்று ஐஸ்கிறீம் உருண்டையாகிவிட்டது. என்னோடு வேலை செய்த ரிஸ்வான் அவற்றைப் படமெடுத்து, கொம்பியூட்டரில் கோடு கோடாகத் திருத்தி, விசைப்பலகையில் அடிக்கக்கூடிய எழுத்தாக்கினான். ‘ப’வின் அடி பப்பாளிப்பழம் மாதிரித் தொங்கின தொங்கலைப் பார்த்து ‘பப்பாசி’ என்று பெயர் வைத்ததும் அவன்தான். போட் ஏறிய அன்று நாகேசு அண்ணை தெருவுக்கு அந்தப் பக்கம் போய் நின்று, கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: “பிள்ளை, இனி நான் ஐஸ்கிறீம் விக்கத் தேவையில்லை. ஆக்கள் வந்து போட்டை நக்கிப்போட்டுப் போவினம்.”

அமைதி காக்கவும்

எங்கள் முதலாளி தாராள மனதுக்காரர். பப்பாசி நல்லாயிருக்கிறது என்று கேட்ட ஒவ்வொரு கடைக்கும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். எனக்கும் பெருமைதான், ஏன் மறைப்பான். கொஞ்ச நாளில் சலூன், ரியூசன் சென்ரர், கோழிக்கடை என்று குடாநாடு முழுக்க என் எழுத்து தொந்தியைத் தள்ளிக்கொண்டு நின்றது. சைக்கிளில் போகும்போது யாரோ தெரிந்தவர்கள் வழி நெடுகக் கை காட்டுகிற மாதிரி இருக்கும்.

அந்த நேரத்தில் ஒரு வைரவர் கோயில்காரர் திருவிழாவுக்கு அறிவித்தல் பலகைகள் அடிக்கக் கேட்டார்கள். நான் லீவில் நின்ற நாள். முதலாளி எல்லாவற்றையும் பப்பாசியில் அடித்துக் கொடுத்துவிட்டார். ‘பாதணிகளைக் கழற்றவும்’, ‘வரிசையில் வரவும்’, ‘பக்தர்கள் அமைதி காக்கவும்’ எல்லாம் குண்டுக் குண்டு எழுத்தில், மஞ்சளும் சிவப்புமாக. கொடியேறி அடுத்த நாள் கோயில் தர்மகர்த்தா ஒரு பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தார். கோபக்காரர் இல்லை. நன்றாகக் களைத்துப்போயிருந்தார். பலகையை மேசையில் வைத்து, என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சொன்னார்: “பாத்தியோ தங்கச்சி, செய்த உனக்கே சிரிப்பு வருகுது. உந்த எழுத்திலை அமைதி காக்கச் சொன்னால் ஆர் காப்பினம்? வைரவரே பூசை நேரம் சிரிச்சுக்கொண்டு நிக்கிறமாதிரிக் கிடக்கு.”

மெலிந்த பனர்

கொடிகாமத்து மாப்பிள்ளை ஒருவரின் தம்பி கலியாணக் காட் அடிக்க வந்தான். எல்லாரும் அடிக்கிற சுருள் எழுத்து வேண்டாம், புதுசாய் இருக்கவேணும் என்றான். காட்டின் முகப்பில் பப்பாசியில் மணமக்கள் பெயரைப் போட்டு, பக்கத்தில் ஒரு பழைய மொறிஸ் மைனர் காரும் கீறிக் கொடுத்தேன். உண்மையாகவே வடிவாக இருந்தது. அவனும் சந்தோசமாகக் கொண்டுபோனான்.

கலியாணத்துக்குக் கொஞ்சம் முன்னம் ஒரு பிள்ளை தன் தமையனின் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். தமையனை வெளியிலேயே நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். நல்ல பருமனான பிள்ளை, முகத்தில் அவ்வளவு களை. காட்டை மேசையில் வைத்து, “இதை நீங்களோ அக்கா செய்தது?” என்று கேட்டாள். ஓம் என்றேன், பாராட்டப்போகிறாள் என்ற நினைப்பில். காட் போன வீடுகளில் எல்லாம் மாமிமார் மச்சாள்மார், மணப்பொம்பிளைக்குப் பொருத்தமான எழுத்துத்தான் என்று சிரிக்கிறார்களாம். மாப்பிள்ளைக்கு அப்படியொரு எண்ணமும் இல்லை, அந்தத் தம்பிக்கும் இல்லை. எனக்கோ அவளைத் தெரியவே தெரியாது. ஒருவரும் கெட்டது நினைக்காமலே நடந்துவிட்ட காரியம் அது. அதற்கு யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது?

காட்டை மாற்றச் சொல்லி அவள் வரவில்லை, அது ஊரெல்லாம் போய்விட்டது. மண்டப வாசலில் கட்டுகிற பனரைப் பற்றிக் கதைக்கத்தான் வந்திருந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: “அதிலை எண்டாலும் எழுத்தைக் கொஞ்சம் மெலிய வையுங்கோ அக்கா. என்னை மெலிய வைக்க எல்லாரும் தெண்டிச்சுப் பாத்து ஏலாமல் விட்டிட்டினம்.”

கல்லுக்குழிப் பலகை

வலிகாமத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்த குழிகள் கிடக்கின்றன அல்லவா. மாரியில் அவற்றில் தண்ணீர் நிரம்பும். மேலே பார்த்தால் பச்சையாக, அமைதியாக, குளம் மாதிரித் தெரியும். ஓரத்தில் கால் வைத்தால் அப்படியே செங்குத்தாகப் பள்ளம். அப்படி ஒரு குழிக்குப் பக்கத்தில் ஊரவர்கள் சேர்ந்து எச்சரிக்கைப் பலகை நட்டிருந்தார்கள். வேறு ஒரு கடையில் அடித்தது. அந்தக் கடைக்காரரும் எங்கள் முதலாளியின் பென்டிரைவால் பயன்பெற்றவர்.

அந்த மாரியில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பெடியன்கள் சிலர் அதில் குளிக்க இறங்கி, ஒருவன் தண்ணீருக்குள் தாண்டுவிட்டான். ஆட்டுக்குக் குழை வெட்ட வந்த ஒருவர் சத்தம் கேட்டு ஓடிப்போய், தலைமயிரில் பிடித்து இழுத்து எடுத்தார். ஆஸ்பத்திரியில் கிடந்து உயிர் தப்பிவிட்டான். பிறகு அவனுடைய தகப்பன் புதுப்பலகை ஒன்று தன் செலவில் நடவேண்டும் என்று அவனையும் கூட்டிக்கொண்டு எங்கள் கடைக்கு வந்தார். பழைய பலகையின் படத்தை போனில் காட்டினார். ‘ஆபத்து! இங்கே குளிக்காதீர்கள்!’ பப்பாசி. நீல நிறத்தில், ஆச்சரியக்குறிகள் இரண்டும் பந்து துள்ளுவது மாதிரி.

அந்தப் பந்துகளைத் துள்ள வைப்பதற்காக ஒரு பின்னேரம் முழுக்க இருந்து வளைவு வளைவாகத் திருத்தியவள் நான். தகப்பனுக்கு அது என் எழுத்து என்று தெரியாது. “பெரிசாய், கறுப்பிலை, நேராய் அடியுங்கோ” என்று மட்டும் சொன்னார். அப்படியே அடித்தேன், கோணல் இல்லாத, முறைத்துப் பார்க்கிற எழுத்து. அடித்துக்கொண்டே பெடியனிடம் கேட்டேன், பலகையில் இருந்ததை அன்றைக்கு நீ வாசிக்கவில்லையா என்று. அவன் தகப்பனை ஒருக்கால் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான்: “வாசிச்சனான் அக்கா. ஆனால் அது பகிடிக்குச் சொன்னமாதிரி இருந்தது.”

ரிஸ்வானின் ஹ

ரிஸ்வானைப் பற்றிச் சொல்லாமல் இந்த எழுத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. அவனுடைய வாப்பாவும் உம்மாவும் யாழ்ப்பாணம் ரவுனில் இருந்தவர்கள். தொண்ணூறில் முஸ்லிம் சனங்களை வெளியேறச் சொன்னபோது கையில் கொண்டுபோகக்கூடியதை மட்டும் கொண்டு புத்தளம் போனார்கள். ரிஸ்வான் அங்கே பிறந்தவன். வளர்ந்த பிறகு பெற்றோரோடு திரும்பி வந்து, எங்கள் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். தான் பிறக்காத ஊருக்குத் திரும்பி வந்தவன் என்று தன்னைத்தானே பகிடி பண்ணுவான்.

பப்பாசியை முதலில் செய்தபோது வடமொழி எழுத்துகளில் கூல்பாருக்குத் தேவையானவற்றை மட்டும்தான் கீறினேன். ஐஸ்கிறீமுக்கு ‘ஸ’ இருந்தது, ஜூசுக்கு ‘ஜ’ இருந்தது. ‘ஹ’ எதற்கு என்று விட்டுவிட்டேன். எல்லாம் முடிந்து நான் ஆறுதலாக இருந்த நாளில் ரிஸ்வான் சொன்னான்: “அக்கா, உங்கடை எழுத்திலை என்ரை உம்மான்ரை பேர் வராது.” அவவின் பெயர் ஹாஜரா. எனக்கு அது தோன்றவே இல்லை. நீயே கீறு என்றேன். அவன் கீறினான். ஒரு கிழமை அதோடேயே கிடந்தான். பார்த்தவர்கள் எல்லாரும், இந்தக் குடும்பத்திலேயே வடிவான எழுத்து எது என்று கேட்டால் ‘ஹ’ என்றுதான் சொல்வார்கள். முழங்காலை மடித்து இருந்து தேத்தண்ணி குடிக்கிற ஒரு பெரிய மனுசர் மாதிரி இருக்கும்.

பிறகு வாப்பாவுக்குச் சுகமில்லாமல் வந்தது. ரிஸ்வான் கட்டார் போனான், ஒரு குளிர்சாதனக் களஞ்சியத்தில் வேலை. போகிறதுக்கு முதல், நாங்கள் இரண்டுபேரும் சேர்ந்து இன்னொரு எழுத்துச் செய்வோம், மெல்லிசாய், புத்தகம் அடிக்கக்கூடியதாய் என்று கதைத்திருந்தோம். ஆறுதலாய்ச் செய்வோம் என்று நான்தான் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் ஆறுதலாய்ச் செய்வோம் என்று சொல்லப்பட்ட எல்லாக் காரியங்களும் இப்போது வெளிநாட்டில்தான் இருக்கின்றன.

போன வருசம் கொடிகாமத்தில் ஏ-ஒன்பது ரோட்டோரம் ஒரு பிஸ்கட் விளம்பரம் எழும்பியது. வீட்டு உயரத்தில் ஒரே ஒரு சொல்: ‘ஹாய்!’ ரிஸ்வானின் ‘ஹ’. கொழும்பில் யார் எங்கிருந்து எடுத்தார்களோ. பஸ்ஸை விட்டு இறங்கிப் படமெடுத்து அவனுக்கு அனுப்பினேன். அடுத்த நாள் வேலைக்குப் போகிற வழியில் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தான். பின்னால் லொறிச் சத்தம். “பாத்தன் அக்கா. நல்ல வடிவு. என்ரை ஹ-வுக்கு ஊரிலை நிக்க இடம் கிடைச்சிட்டுது, எனக்குத்தான் கிடைக்கேல்லை.”

கல்வெட்டு

நாகேசு அண்ணை திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு, செத்தவரைப் பற்றி அச்சடித்துக் கொடுக்கிற சின்னப் புத்தகத்தை எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்போம். அதை அடிக்க அவர் மனைவி மணி அக்கா வந்தா. முகப்பில் அவர் பெயரைப் பப்பாசியில் போடச் சொன்னா. அந்த எழுத்து கல்வெட்டுக்குச் சரிவராது என்று நான் தயங்கினேன். “அவர் சரிவாற மனிசனே, பிள்ளை?” என்று கேட்டா. போட்டுக் காட்டினேன். மணி அக்கா சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதா, அதே நேரம் சிரித்தா.

அன்று பின்னேரம் கனடாவிலிருந்து மகன் வட்ஸ்அப்பில் கதைத்தான். பண்பான பிள்ளை. “அக்கா, அம்மா இப்ப நிதானத்திலை இல்லை. சபையிலை ஆக்கள் சிரிப்பினம். வழமையான எழுத்திலை போடுங்கோ, பிளீஸ்” என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தூரத்தில் இருந்து தகப்பனின் மரியாதையைக் காப்பாற்ற அவனுக்கும் வேறு என்ன வழி? முதலாளியும் அதுதான் சரி என்றார். வழமையான எழுத்தில், கறுப்புக் கரை வைத்து, குத்துவிளக்குப் போட்டு அடித்துக் கொடுத்தோம்.

கல்வெட்டைக் கையில் வாங்கிய மணி அக்கா கோபிக்கவில்லை. முகப்பை விரலால் ஒருதரம் தடவினா. மகன் சொன்னதை மகனே தன்னிடமும் சொல்லிவிட்டான் என்றா. பிறகு கதவடியில் நின்று திரும்பி, என் மனம் நோகக்கூடாது என்று யோசித்து யோசித்துச் சொன்னா: “வடிவாய்த்தான் இருக்குப் பிள்ளை. ஆனால் ஆரோ இங்கிலீஸ் வாத்தியார் செத்தமாதிரிக் கிடக்கு.”

சத்தமாய் ஒரு பெயர்

அதற்குப் பிறகு நான் பப்பாசியை யாருக்கும் நானாகக் காட்டுவதில்லை. கேட்டால் கொடுப்பேன், கேட்காவிட்டால் அது கொம்பியூட்டருக்குள் படுத்திருக்கும். அப்படி இருந்த ஒரு காலையில் ஒரு அம்மா வந்தா. கையில் பிளாஸ்ரிக் பையில் சுற்றிய படம். மகன் சுதாகரன். யுத்தம் முடிகிற நேரம் விசாரிக்க என்று கூட்டிக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. அவவைப் போன்ற தாய்மாரோடு ரோட்டோரம் படத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கிறா. மழையில் நனைந்து போன பழைய பனருக்குப் பதிலாகப் புதியது வேண்டும்: ‘எங்கே எங்கள் சுதாகரன்?’

கறுப்பில் நேரான எழுத்தில் போட்டுக் காட்டினேன். அவ பார்க்காமல் வாசல் பக்கம் கையைக் காட்டினா. அங்கே ரியூசன் சென்ரர் ஒன்றுக்குப் பப்பாசியில் அடித்து வைத்த பனர் காய்ந்துகொண்டிருந்தது. “உந்த எழுத்திலை போடு பிள்ளை” என்றா. அம்மா, அது விளையாட்டு எழுத்து, சனம் பிழையாய் எடுக்கும் என்று, எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். வைரவரையும் சொன்னேன், கல்லுக்குழியையும் சொன்னேன். அவ எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டா. “கறுப்பு எழுத்திலை கேட்டுக் கேட்டுப் பாத்தாச்சு. தூரத்திலை காணவே சனத்துக்கு விளங்கீடுது, இது உவையின்ரை பனர் எண்டு. மற்றப் பக்கம் திரும்பீடுவினம். உதிலை போட்டால் என்னவோ எண்டு ஒருக்கால் பாப்பினம் எல்லே?” என்றா.

போட்டேன். தொந்தியை முடிந்தவரை உள்ளுக்கு இழுத்து, நிறத்தைக் குறைத்து, கேள்விக்குறியின் சுருளை எடுத்துவிட்டு. இருந்தாலும் பப்பாசி பப்பாசிதான். இது அவவுக்கு அவமானமாக முடிந்தால் இந்த எழுத்தை அடியோடு அழித்துவிடுகிறது என்று முடிவெடுத்திருந்தேன்.

கொஞ்சநாள் கழித்து சந்தைக்கு வந்தவ கடைக்கும் வந்தா. முருங்கைக்காய் கொஞ்சம் எனக்கென்று கொண்டுவந்திருந்தா. ஆக்கள் பார்த்தார்களா என்று கேட்கப் பயமாக இருந்தது. அவவே கதிரையில் இருந்து சொல்லத் தொடங்கினா. பார்த்தார்களாம். சிலர் சிரித்துவிட்டு, பிறகு வாசித்துவிட்டு, முகம் மாறிப் போனார்களாம். ஒருவர் கிட்ட வந்து ஏசினாராம், இதென்ன கோமாளிக் கூத்து என்று. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவ கையைப் பிடித்து நிறுத்தினா.

“அதை விடு பிள்ளை. ஒரு மினிபஸ் வந்து நிண்டது. கொண்டக்டர் பெடியன் படியிலை தொங்கிக்கொண்டு, இணுவில், தாவடி, கொக்குவில் எண்டு கூப்பிட்டவன், பனரைக் கண்டிட்டு, அதே குரலிலை சுதாகரன் எண்டும் வாசிச்சான். ரோட்டு முழுக்கக் கேட்டுது. பிறகு விளங்கித் தொப்பியைக் கழட்டிப்போட்டு நிண்டான், பாவம். ஆனால் பிள்ளை, இவ்வளவு காலத்திலை என்ரை பிள்ளையின்ரை பேரை என்னைத் தவிர ஒருத்தர் வெளியிலை நிண்டு சத்தமாய்க் கூப்பிட்டது அண்டைக்குத்தான்.”

ஒரு எழுத்து எந்தெந்தச் சொல்லுக்குப் போய்ச் சேரும் என்று முன்னமே தெரிந்திருந்தால், இந்தத் தொழிலில் இருக்கிற நாங்கள் ஒருவரும் ‘அ’வைத் தாண்டி ‘ஆ’வுக்குப் போயிருக்க மாட்டோம்.